தாத்தா பெயரில் நிற்கும் டர்பன் நிலம்: வழக்குக்கு முன்னும் பின்னும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வடக்கே வெருலம், டோங்காட் பக்கமும் தெற்கே இசிப்பிங்கோ, சாட்ஸ்வர்த் பக்கமும் தமிழ்க் குடும்பங்கள் குடியிருக்கும் பல வீடுகள் இறந்துபோனவர் பெயரிலேயே இன்னும் இருக்கின்றன. தாத்தா கண்மூடி முப்பது, நாற்பது வருஷம் ஆகியிருக்கும். முன்வீட்டில் பெரியவர் பிள்ளைகள் இருப்பார்கள், பின்னால் கட்டிய அவுட்பில்டிங்கில் சின்னவர் பிள்ளைகள். நகராட்சி வரியை யாரோ ஒருவர் கட்டிக்கொண்டிருப்பார். என்றாவது ஒருநாள் ஒருவர் விற்கலாம் என்பார், இன்னொருவர் இது என் வீடு என்பார். அடுத்த வாரமே இரண்டு பேரும் ஆளுக்கொரு லாயரைத் தேடிப் போவார்கள்.

இப்படிக் கோர்ட்டுக்குப் போகிற வழக்குகளில் பல, நியாயம் யார் பக்கம் என்ற கேள்வி வருவதற்கு முன்பே விழுந்துவிடுகின்றன. வழக்குப் போட்டவருக்கு அதைப் போடும் தகுதியே சட்டத்தில் இருக்காது. செலவு கைவிட்டுப் போகும், சொந்தமும் முறியும், நிலம் தாத்தா பெயரிலேயே நிற்கும்.

இதற்குக் காரணம் நம் மனதில் ஊறிப்போன ஒரு நினைப்பு. பூர்வீகச் சொத்து என்றால் பேரனுக்குப் பிறந்தபோதே பங்கு உண்டு என்று ஊரிலிருந்து வந்த பேச்சு இன்றும் இருக்கிறது. இந்தியாவின் கூட்டுக் குடும்பச் சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. தென்னாப்பிரிக்காவில் இல்லை. இங்கே நிலம் பத்திரத்தில் யார் பெயரில் இருக்கிறதோ அவருடையது. அவர் இறந்துவிட்டால் பிள்ளைகள் மறுநாளே சொந்தக்காரர்கள் ஆகிவிடுவதில்லை. எஸ்டேட்டை, அதாவது இறந்தவர் விட்டுப்போன சொத்தையும் கடனையும், நிர்வகிக்கும் எக்ஸிக்யூட்டரிடம் ‘என் பங்கைக் கொடு’ என்று கேட்கும் உரிமை மட்டுமே வாரிசுக்கு உண்டு. 1955-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கிரீன்பெர்க் வழக்கில் உறுதிசெய்த இந்த நெறி இன்றும் நிற்கிறது. பத்திரப் பதிவகத்தில் பெயர் மாறிய பிறகுதான் வாரிசு நிலத்துக்கு உரிமையாளர்.

ஆகவே இறந்தவர் நிலத்துக்காக வழக்குப் போடவோ, அதை விற்கவோ, அதில் இருப்பவரை வெளியேற்றவோ எக்ஸிக்யூட்டருக்குத்தான் அதிகாரம். மூத்த மகன் என்பதால் அந்த அதிகாரம் வந்துவிடாது. இறந்தவர் எஸ்டேட்டுகளை மேற்பார்க்கும் அரசு அலுவலகமான மாஸ்டர் அலுவலகம் கொடுக்கும் நியமனக் கடிதம் கையில் இருக்க வேண்டும். ஒரே ஒரு விலக்கு உண்டு. எக்ஸிக்யூட்டரே தவறு செய்கிறார், அல்லது எதிராளியோடு சேர்ந்துகொண்டு வழக்குப் போட மறுக்கிறார் என்றால், எஸ்டேட்டுக்காக வாரிசே வழக்குத் தொடுக்கலாம். டர்பன் அடங்கிய நட்டாலில் எழுந்து லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன 1886-ஆம் ஆண்டின் பெனிங்ஃபீல்டு வழக்கிலிருந்து வந்த வழி இது. எக்ஸிக்யூட்டர் என்று யாருமே நியமிக்கப்படாத குடும்பத்துக்கு இந்த விலக்கு உதவாது.

பத்திரத்தை முதலில் படியுங்கள்

குவாசூலு-நட்டால் நிலங்களின் பத்திரங்கள் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பத்திரப் பதிவகத்தில் இருக்கின்றன. நிலத்தின் மனை எண்ணையோ உரிமையாளர் பெயரையோ வைத்துத் தேடி நகல் எடுக்கலாம். மூலப்பத்திரம் தொலைந்திருந்தால் பிரமாணப் பத்திரம் கொடுத்துச் சான்றிட்ட நகல் கேட்கலாம். தொலைந்துபோனதால் உரிமை போய்விடாது.

நகலில் முதலில் பார்க்க வேண்டியது, நிலத்தைப் பெற்றவர் பெயரும் அதன் பக்கத்தில் எழுதியிருக்கும் திருமண நிலையும். அடுத்தது பங்கு. ‘பிரிபடாத பாதிப் பங்கு’ என்று இருந்தால் மற்றப் பாதி வேறொருவருடையது. தாத்தாவும் அவர் தம்பியும் சேர்ந்து வாங்கிய நிலங்களில் இந்த வரியைக் கவனிக்காமல் முழு நிலத்துக்கும் சண்டை போடுகிறவர்கள் உண்டு. பிறகு பரப்பளவு. பழைய நட்டால் பத்திரங்களில் ஏக்கர், ரூட், பெர்ச் என்று இருக்கும். ஓர் ஏக்கருக்கு 4 ரூட், ஒரு ரூட்டுக்கு 40 பெர்ச், ஒரு பெர்ச் சுமார் 25.29 சதுர மீட்டர். ‘1 ரூட் 8 பெர்ச்’ என்றால் 48 பெர்ச், ஏறக்குறைய 1,214 சதுர மீட்டர். பக்கத்து வேலி நகர்ந்திருக்கிறதா என்று பார்க்க இந்தக் கணக்கோடு சர்வேயர் ஜெனரல் அலுவலக வரைபடமும் வேண்டும். கடைசியாகப் பத்திரத்தில் குத்தியிருக்கும் முத்திரைகள். வங்கி அடமானம், கோர்ட் தடை எல்லாம் அங்கேதான் இருக்கும்.

பெயர்ப் பிரச்சினை நம் குடும்பங்களுக்கே உரியது. 1860 முதல் 1911 வரை ஒப்பந்தத் தொழிலாளர்களாக நட்டாலுக்கு வந்த 1,52,184 பேரின் பெயர்களைக் கப்பல் பட்டியலில் எழுதியவர்களுக்குத் தமிழ் ஒலி பிடிபடவில்லை. முனுசாமி ஒரு தாளில் மன்சாமி ஆனார், இன்னொன்றில் மூனசாமி ஆனார். தகப்பன் பெயரே பிள்ளைக்குக் குடும்பப் பெயர் ஆனதால் கூடப்பிறந்த அண்ணன் தம்பிக்கே வெவ்வேறு குடும்பப் பெயர் இருக்கும். மாஸ்டர் அலுவலகம் இதை ஊகித்துக்கொள்ளாது. பிறப்பு, இறப்பு, திருமணச் சான்றிதழ்களைத் தலைமுறை வரிசையில் அடுக்கி, எழுத்து மாறும் ஒவ்வோர் இடத்திலும் ‘இருவரும் ஒருவரே’ என்று, அந்தக் குடும்பத்தை அறிந்த ஒருவரின் பிரமாணப் பத்திரத்தை வைக்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர் எண் கிடைத்தால் அது வலுவான சான்று. அந்த எண்ணை வைத்துக் கப்பல் பட்டியலில் அப்பா பெயரையும் சொந்த ஊரையும் காட்டலாம். இந்த வேலையை வழக்கின் நடுவில் தொடங்கினால் மாதக்கணக்கில் இழுக்கும். முன்கூட்டியே முடித்து வையுங்கள்.

எஸ்டேட்டைத் திறப்பது

1965-இன் எஸ்டேட் நிர்வாகச் சட்டப்படி மரணத்தை 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். முப்பது வருஷம் தாமதமானாலும் மாஸ்டர் அலுவலகம் எஸ்டேட்டைத் திறக்கும். முன்பே ஒரு கோப்பு இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். பழைய கோப்புகள் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்துக்குப் போயிருக்கலாம். உயில் இருந்ததே தெரியாமல் அரைநூற்றாண்டு சண்டை போட்ட குடும்பத்துக்கு அந்தக் கோப்பே பதில் சொல்லிவிடும்.

மரண அறிவிப்பு ஜே 294, உயில் இல்லையென்றால் உறவினர் விவரம் ஜே 192, சொத்துப் பட்டியல் ஜே 243, பொறுப்பேற்புப் படிவம் ஜே 190 ஆகியவை வேண்டும். சொத்து மதிப்பு 2,50,000 ராண்டுக்கு மேல் போகாவிட்டால் ஓர் அதிகாரக் கடிதத்தோடு சுருக்கமாக முடிந்துவிடும். அதைத் தாண்டினால் எக்ஸிக்யூட்டர் நியமனம், கடன்காரர்களுக்கு அரசிதழிலும் உள்ளூர்ப் பத்திரிகையிலும் குறைந்தது 30 நாள் அவகாசம் கொடுக்கும் அறிவிப்பு, பிறகு பங்கீட்டுக் கணக்கு என்று நீளும். எக்ஸிக்யூட்டருக்கான நிர்ணயக் கட்டணம் மொத்தச் சொத்து மதிப்பில் 3.5 சதவீதம். பேசிக் குறைக்கலாம், கேட்கத் தயங்க வேண்டாம்.

பங்கீட்டுக் கணக்கு மாஸ்டர் அலுவலகத்திலும், இறந்தவர் வாழ்ந்த பகுதியின் மாஜிஸ்திரேட் அலுவலகத்திலும் குறைந்தது 21 நாள் பார்வைக்கு இருக்கும். குடும்ப நில வழக்குகளில் அதிகம் தவறவிடப்படும் நாட்கள் இவைதான். உங்கள் பெயர் விடுபட்டிருந்தால், வீட்டு விலை குறைத்துக் காட்டப்பட்டிருந்தால், எழுத்தில் ஆட்சேபம் கொடுக்க வேண்டியது இப்போதுதான். மாஸ்டரின் முடிவு பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் ஹை கோர்ட்டுக்குப் போகலாம். ஆட்சேபம் எதுவும் வராமல் கணக்கு உறுதியாகி நிலமும் கைமாறிவிட்டால், பிறகு திருப்பிக் கேட்பது மலையைப் புரட்டுகிற வேலை.

எக்ஸிக்யூட்டர் தானே அந்த வீட்டை வாங்கினால், அல்லது மனைவி, ஏஜெண்ட் பெயரில் வாங்கினால், வாரிசுகள் எதிர்க்கலாம். மாஸ்டரோ கோர்ட்டோ அனுமதித்தால்தான் அந்தக் கிரயம் உறுதியாகும்.

யாருக்கு எவ்வளவு

உயில் இல்லாமல் இறந்தால் 1987-இன் வாரிசுரிமைச் சட்டம். அது நடைமுறைக்கு வந்தது 18 மார்ச் 1988. அதற்கு முன் இறந்தவர்களுக்கு, இறந்த நாளில் இருந்த சட்டமே பொருந்தும். எனவே இறந்த தேதியைச் சரியாகப் பிடிப்பதே பாதி வேலை.

இன்றைய கணக்கை ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். கடன் போக 12,00,000 ராண்ட் மதிப்புள்ள வீடு, கணவர் பெயரில். மனைவியும் ஐந்து பிள்ளைகளும் இருக்கிறார்கள். கோயிலில் தாலி கட்டிய கல்யாணம், பதிவு செய்யவில்லை. வீடு முழுவதும் கணவரின் எஸ்டேட். பிள்ளைப் பங்கு என்பது 12,00,000-ஐ ஆறால் வகுத்த 2,00,000. மனைவிக்குப் பிள்ளைப் பங்கு, 2,50,000 ராண்ட் இரண்டில் எது பெரிதோ அது. ஆகவே அவருக்கு 2,50,000. மீதி 9,50,000 ஐந்து பிள்ளைகளுக்குத் தலைக்கு 1,90,000.

அதே குடும்பம் பதிவுத் திருமணம் செய்து, முன்ஒப்பந்தம் எழுதாமல் இருந்தால் கணக்கே தலைகீழ். வீட்டில் பாதி முதலிலேயே மனைவியுடையது, 6,00,000. கணவரின் பாதியிலிருந்து இன்னொரு 2,50,000. மீதி 3,50,000-இல் பிள்ளைகளுக்குத் தலைக்கு 70,000 மட்டும். இறந்துபோன பிள்ளையின் பங்கு அவருடைய பிள்ளைகளுக்குப் போகும். மகனுக்கும் மகளுக்கும் வித்தியாசம் இல்லை. கட்டிக்கொடுத்துவிட்டோம், சீர் செய்துவிட்டோம் என்ற பேச்சு இங்கே எடுபடாது.

தாலி மட்டும் கட்டியவருக்கு மனைவி என்ற தகுதியே உண்டா என்ற கேள்வி நம் பெண்களை நெடுங்காலம் அலைக்கழித்தது. பதிவு இல்லை என்று சொல்லிப் புகுந்த வீட்டார் வெளியே தள்ளிய அநியாயங்கள் நடந்திருக்கின்றன. டர்பன் ஹை கோர்ட் கோவெண்டர்–ராகவையா வழக்கில் (2009-ஆம் ஆண்டின் தீர்ப்புத் தொகுப்பில் வெளியானது) இந்து முறைப்படி மணந்தவரும் வாரிசுரிமைச் சட்டத்தில் துணைவரே என்று தீர்த்தது. அப்படி உரிமை கேட்பவர் கல்யாணப் பத்திரிகை, புகைப்படங்கள், நடத்திவைத்த குருக்கள் அல்லது சாட்சிகளின் பிரமாணப் பத்திரங்கள் என்று கையில் உள்ளதையெல்லாம் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

உயில் இருந்தால் அதன் உருவத்தை முதலில் பாருங்கள். 14 வயது நிரம்பிய இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்து இருக்க வேண்டும். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று மகனையே உயிலை எழுதச் சொல்வதும், வீட்டிலிருக்கும் மருமகளையே சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்வதும் நம் வீடுகளில் சாதாரணம். உயிலைத் தன் கையால் எழுதியவரும், சாட்சிக் கையெழுத்துப் போட்டவரும், அவர்களுடைய துணைவரும் அந்த உயிலில் பயன் பெறத் தகுதி இழப்பார்கள் என்பது பொதுவிதி. விலக்குகள் உண்டு, ஆனால் சிலவற்றுக்காகக் கோர்ட் படியேற வேண்டும். உயில் பார்வைக்கு ஒழுங்காக இருந்து, அது போலி என்று சொன்னால், நிரூபிக்கும் பாரம் சொல்பவர் தலையில். வெறும் சந்தேகம் போதாது. கையெழுத்து நிபுணர் வேண்டும், ஒப்பிட்டுப் பார்க்க அதே காலத்துக் கையெழுத்துகளும் வேண்டும்.

‘அண்ணன் பெயரில் வாங்கினோம்’

எல்லாரும் பணம் போட்டு, வேலையில் இருந்த அண்ணன் பெயரில் பதிவு செய்திருப்பார்கள். அண்ணன் இறந்ததும் அண்ணி, இது என் வீடு என்பார். இவ்வகை வழக்கில் இரண்டு தடைகள் உண்டு. நில விற்பனை ஒப்பந்தம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். ஆனால் ‘உனக்காக என் பெயரில் வாங்கி வைக்கிறேன்’ என்பது விற்பனை ஒப்பந்தம் அல்ல என்பதால் வாய்ப்பேச்சாக இருந்தாலும் நிற்கலாம் என்று 1981-இல் தாதாபாய் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழி திறந்தது. முதல் தடைக்கு அது மருந்து.

இரண்டாவது தடைதான் ஆளை வீழ்த்துகிறது. ஒப்பந்தப்படி நிலத்தை என் பெயருக்கு மாற்றிக் கொடு என்று கேட்கும் உரிமை ஒரு கடன் போன்றது, மூன்று வருஷத்தில் காலாவதியாகும் என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2018-இல் எதெக்வினி (டர்பன்) மாநகராட்சி–மவுண்ட்ஹேவன் வழக்கில் தீர்த்துவிட்டது. எனவே எப்போது மாற்றித் தருவதாகப் பேச்சு, எப்போது அண்ணன் மறுத்தார் என்ற தேதிகள் உயிர்நாடி. பணம் போன வங்கிச் சீட்டு, அப்போது எழுதிய கடிதம், வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்காதீர்கள். அவர் மறுத்த நாளிலிருந்து காலண்டரைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பத்திரமே போலிக் கையெழுத்தில் மாறியிருந்தால் கதை வேறு. இங்கே பதிவு மட்டும் உரிமையைத் தந்துவிடாது. மாற்ற வேண்டும் என்ற உண்மையான சம்மதம் உரிமையாளரிடம் இருந்திருக்க வேண்டும். தாயின் கையெழுத்தை மகன் போலியாகப் போட்டு விற்ற ஒரு வழக்கில், அந்தப் பதிவும் அதன்மேல் வாங்கிய வங்கி அடமானமும் செல்லாது என்று 2013-இல் புளூம்ஃபோன்டெய்ன் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.

வீட்டில் இருப்பவரும் வெளியே நிற்பவரும்

முப்பது வருஷம் வெளிப்படையாக, சொந்தக்காரரைப் போலவே ஆண்டு அனுபவித்தால் நிலம் சொந்தமாகும் என்று 1969-இன் சட்டம் சொல்கிறது. இதைக் கேட்டுவிட்டு, ‘நான் நாற்பது வருஷமாக இங்கே இருக்கிறேன், வரியும் கட்டினேன்’ என்று கிளம்புகிறவர்கள் கவனிக்க வேண்டியது ‘சொந்தக்காரரைப் போலவே’ என்ற வார்த்தையை. அம்மா இருக்கச் சொல்லி இருந்தவர், தம்பி தங்கைகள் விட்டுக்கொடுத்து இருந்தவர் அனுமதியின் பேரில் இருந்தவர். அந்த வருஷங்கள் கணக்கில் வராது. கட்டிய வரியைப் பங்கீட்டின்போது ஈடு கேட்கலாம், அதற்குத்தான் ரசீதுகள் உதவும்.

கேட்டுக்குப் புதுப் பூட்டுப் போடுவது, தண்ணீரை நிறுத்துவது எல்லாம் வேண்டவே வேண்டாம். வெளியே தள்ளப்பட்டவர் அவசர மனுப் போட்டால், நிலம் யாருடையது என்று கோர்ட் கேட்கவே கேட்காது. அமைதியாக இருந்தாரா, சட்டத்துக்குப் புறம்பாகத் தள்ளப்பட்டாரா என்று மட்டும் பார்த்து உள்ளே திரும்ப விடச் சொல்லும், செலவும் உங்கள் தலையில் விழும். குடியிருப்பவரை வெளியேற்ற 1998-இன் 19-ஆம் எண் சட்டப்படி தனி ஆணை வேண்டும்.

அவுட்பில்டிங்கை வாடகைக்கு விட்டு ஒருவரே வாங்கிக்கொண்டிருந்தால், பத்திரத்தில் பெயருள்ள மற்றப் பங்குதாரர் தன் பங்கைக் கேட்கலாம். அதற்கும் மூன்று வருஷக் காலாவதிதான். தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் பழைய ஒரு மாத வாடகை கைநழுவும்.

எந்தக் கோர்ட், எந்த வழி

மாவட்ட மாஜிஸ்திரேட் கோர்ட்டின் வரம்பு 2,00,000 ராண்ட், ரீஜனல் கோர்ட்டின் வரம்பு 4,00,000. டர்பன் வீட்டு விலைக்குப் பெரும்பாலும் ஹை கோர்ட்தான்.

அங்கே இரண்டு பாதைகள் உண்டு. பிரமாணப் பத்திரங்களை மட்டும் வைத்து நடக்கும் மனு ஒன்று, சாட்சிகளைக் கூண்டில் ஏற்றும் முழு விசாரணை மற்றொன்று. மனு சீக்கிரம் முடியும், செலவும் குறைவு. ஆனால் உண்மை நிகழ்வில் இரு தரப்பும் முரண்பட்டால், இறுதி ஆணை கேட்கும் மனுவில் எதிர்த்தரப்பு சொல்வதையே பெரும்பாலும் கோர்ட் எடுத்துக்கொள்ளும். ‘அப்பா எனக்குத்தான் சொன்னார்’ என்ற வகை வழக்கை மனுவாகப் போட்டால் தோல்வி ஏறக்குறைய உறுதி. பத்திரமும் பங்கும் இரு தரப்பும் ஒப்புக்கொண்டதாக இருந்து, பிரிப்பதில்தான் தகராறு என்றால் மனு போதும். முழு விசாரணையில் சம்மன் கிடைத்தவர் 10 கோர்ட் நாளுக்குள் எதிர்ப்பதாக அறிவித்து, அடுத்த 20 கோர்ட் நாளுக்குள் பதிலுரை தர வேண்டும். 2020 மார்ச் முதல் ஒவ்வொரு புதிய வழக்கோடும் சமரசத்துக்குச் சம்மதமா இல்லையா என்ற அறிவிப்பையும் சேர்க்க வேண்டும். பல லாயர்கள் அதைச் சடங்காக நிரப்பிவிடுகிறார்கள். குடும்ப வழக்கில் அதை மனதாரப் பயன்படுத்துங்கள்.

கேட்டோ மேனர் போன்ற இடங்களில் இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தால் பறிபோன நிலம் இவற்றில் சேராது. அதற்கு 1994-இன் மீட்புச் சட்டம், 31 டிசம்பர் 1998-க்குள் போட்ட கோரிக்கை, தனி நீதிமன்றம்.

பெயர்கள் பத்திரத்தில் ஏறிய பிறகு பங்குதாரர்களுக்குள் ஒத்துவராவிட்டால் பாகப்பிரிவினை கேட்கலாம். விருப்பமில்லாத யாரையும் கூட்டு உரிமையில் கட்டிவைக்க முடியாது என்பது அடிப்படை. நிலத்தை வெட்டிப் பிரிக்க முடிந்தால் கோர்ட் பிரிக்கும். சாட்ஸ்வர்த் வீட்டை எப்படி வெட்டுவது? ஒருவர் எடுத்துக்கொண்டு மற்றவர்களுக்குப் பணம் கொடுப்பது, இல்லையென்றால் விற்றுப் பகிர்வது. கூரை போட்ட செலவு, கட்டிய வரி, அடைத்த வங்கிக் கடன் எல்லாம் அப்போது கணக்கில் வரும். கரும்பு நிலமாக இருந்தால் இன்னொரு முடிச்சு. 1970-இன் வேளாண் நிலப் பிரிவினைச் சட்டப்படி அமைச்சர் அனுமதியில்லாமல் அதைத் துண்டாக்கவோ, புதிய பிரிபடாத பங்குகளாகப் பலர் பெயரில் ஏற்றவோ முடியாது.

எஸ்டேட் முடியும் முன்பே வாரிசுகள் ஒத்துப்போனால் இவ்வளவும் தேவைப்படாது. வாரிசுகள் சேர்ந்து ஒரு மறுபங்கீட்டு ஒப்பந்தம் எழுதி, அதைப் பங்கீட்டுக் கணக்கோடு இணைக்கலாம். தங்கை வீட்டை எடுத்துக்கொள்கிறாள், அண்ணன்மார் எஸ்டேட்டின் பணத்தை எடுத்துக்கொள்கிறார்கள் என்பது போல. ஒருமுறை மட்டும் பெயர் மாற்றினால் போதும், கோர்ட் செலவும் இல்லை.

கோர்ட் ஆணை கையில் வந்தால் நிலம் வந்துவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். ஆணையை, நிலப் பெயர் மாற்றத்தைச் செய்யும் லாயரான கன்வேயன்சரிடம் கொடுத்துப் பெயரை மாற்ற வேண்டும். பெயர் மாற்றத்துக்கு பாக்கி இல்லை என்ற நகராட்சியின் சான்று தேவை. விண்ணப்பத்துக்கு முந்தைய இரண்டு வருஷத்து வரி, தண்ணீர், மின்சாரப் பாக்கி தீர்ந்திருந்தால்தான் அது கிடைக்கும். வழக்கு நடந்த காலமெல்லாம் ‘நீ கட்டு, நான் கட்டு’ என்று விட்ட பாக்கியில் அந்த இரண்டு வருஷத்தது மொத்தமாக இங்கே வந்து நிற்கும். யார் கட்டுவது என்பதையும் ஆணையிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சான்று செல்லுபடியாவது 60 நாள். அதற்குள் ஒருவர் கையெழுத்துப் போட மறுத்து நாள் கடந்தால், புதிய பாக்கியையும் கட்டிப் புதிதாக வாங்க வேண்டும். மறுப்பவருக்குப் பதிலாக, கோர்ட் ஆணையை நிறைவேற்றும் அதிகாரியான ஷெரிஃப் கையெழுத்திடலாம் என்ற வரியை ஆணையில் கேட்டு வாங்கியிருந்தால் அந்த 60 நாள் வீணாகாது.